கெயினைக் குறைத்தும் கிழிந்த குரல்

மைக்கை ஊதிப் பார்க்கிறவனை நான் ஒருநாளும் தொழில்காரனாகக் கணக்கெடுத்ததில்லை. முதலில் வாயைக் குவித்து ஊதுவான். பிறகு விரலால் தட்டுவான். அதன் பிறகு, மாமனார் வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்கிறவனைப் போல அடக்கமான குரலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான். மூன்றும் சுத்தமாகக் கேட்டுவிட்டால் அவனுடைய பரிசோதனை முடிந்தது. கதிரையில் சாய்ந்து கைத்தொலைபேசியை எடுத்துவிடுவான். மேடைக்கு வருகிறவர் அடக்கமாக எண்ணுவதற்கு வருவதில்லை. அவர் அடித்தொண்டையில் ஒரு வரியை எடுத்ததும் பெட்டி குரைக்கத் தொடங்கும். உடனே நம்மவன் ஜெனரேற்றரைத் திட்டுவான்.

இந்த ஒலியமைப்புக்காரக் கூட்டத்துக்காகக் கிளிநொச்சியில் சுதன் கைத்தொலைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறான். சுதன் பல வருடம் என்னோடு வேலை செய்தவன். நான் ஓய்வுபெற்ற பிறகு என் திருத்தகத்தை நடத்துகிறவன். போன மாதம் அந்தக் குழுவில் ஃபாண்டம் பவரைப் பற்றி ஒரு சண்டை. அந்தப் பொத்தானை அமத்தினால் மைக் எரிந்துபோகும் என்று கனகராயன்குளத்துக்காரர் ஒருவர் எழுதி, தன் மிக்ஸரில் பொத்தானுக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கிற படத்தையும் போட்டிருந்தார். எல்லோரும் அவரைப் பகிடி பண்ணினார்கள். நான் சிரிக்கவில்லை, ஏன் என்பது பிறகு வரும். சுதன் என்னிடம், "ஐயா, உதை ஒருக்கா வடிவா எழுதித் தாங்கோ, உங்கடை அனுபவத்தோடை" என்றான். அனுபவம் என்று அவன் நினைத்தது என் வெற்றிகளை. நான் எழுதுவது, முல்லைத்தீவுக் கரையில் ஒரு பெண்ணின் தொழிலையும் பெயரையும் ஒரு வாக்கியத்தால் கெடுத்த கதை.

முதலில் சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். கையில் பிடித்துப் பாடுகிற சாதாரண மைக்குக்கு மின்சாரம் தேவையில்லை. பாடகர் குழுவுக்கு முன்னால் உயர நிறுத்துகிற கொண்டென்சர் மைக்குக்குத் தேவை. குரல் வருகிற அதே வயர் வழியாக மிக்ஸர் அந்த மின்சாரத்தை நாற்பத்தெட்டு வோல்ற்றில் அனுப்புகிறது. அதுதான் ஃபாண்டம் பவர். மைக்கிலிருந்து வருகிற மெலிந்த குரலை மிக்ஸருக்குள் முதலில் தூக்கிவிடுகிற பகுதி பிரீஅம்ப். எவ்வளவு தூக்க வேண்டும் என்று சொல்கிற குமிழ் கெயின். தாங்கக்கூடியதைவிடப் பெரிய குரல் உள்ளே வந்தால் பிரீஅம்ப் அதன் உச்சியை வெட்டிவிடும். அதுதான் ஓவர்லோட், காதுக்குச் சீலை கிழிவது போலக் கேட்கும். இவ்வளவுதான் சங்கதி. இதற்குள்ளே பேய் பிசாசு ஒன்றும் இல்லை.

நான் தர்மபுரத்து நெற்செய்கைக் குடும்பத்துப் பிள்ளை. விஞ்ஞானம் படித்து, கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் திருத்தும் பகுதியில் பயிலுநராகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரி நல்லதம்பி ஐயா. குரலை உயர்த்தாத மனிதர். பழுதென்று ஒரு பெட்டி வந்தால், கொண்டுவந்தவர் சொல்வதை இடையில் வெட்டாமல் கேட்பார். அவர் முடித்ததும் என் பக்கம் திரும்பி, "அவர் என்ன சொன்னவர்? சொல்லும்" என்பார். நான் படித்தவன் அல்லவா, "இன்புட் ஓவர்லோட் ஐயா" என்பேன்.

"அது நீர் சொல்லுறது. அவர் என்ன சொன்னவர்?"

"நாதஸ்வரம் மேலை ஏறேக்கை கரகரக்குதாம் ஐயா."

அதன் பிறகுதான் திருகாணியில் கை வைக்க விடுவார். எனக்கு அது ஒரு கிழட்டுச் சடங்காகப்பட்டது. மற்றப் பயிலுநர்களோடு சேர்ந்து தேநீர்க்கடையில் அவரைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்திருக்கிறேன்.

அவருடைய அளவை முறைகளை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டேன். ஃபாண்டம் பவரை வெறுமனே மீற்றரால் தொட்டுப் பார்த்து நாற்பத்தெட்டு என்று சொல்கிறவன் முட்டாள். சும்மா நிற்கும்போது எவனும் பலசாலி. மூட்டையைத் தூக்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். மிக்ஸரில் வயர் செருகுகிற ஒவ்வொரு வாயிலிலும் ஒரு மைக் இழுக்கிற அளவு மின்சாரத்தை இழுக்கும் தடையைப் பூட்டி அளக்க வேண்டும். ஒன்றில் சரியென்றால் போதாது. எல்லா வாயிலிலும் ஒரே நேரத்தில் பூட்டி அளக்க வேண்டும், ஏனென்றால் உள்ளேயிருக்கிற ஒரே மின்வழங்கிதான் எல்லாவற்றுக்கும் படியளக்கிறது. ஓவர்லோடுக்கு வேறு முறை. ஒரே சீரான ஒலியை உள்ளே விட்டு, கெயினை அடியில் வைத்து, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அலைகாட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலையின் வளைந்த உச்சி தட்டையாகிற இடத்தில் அந்தப் பிரீஅம்பின் எல்லை இருக்கிறது. காதால் கேட்டுச் சொல்கிறேன் என்கிறவனைப் பக்கத்தில் அண்டவிடக்கூடாது.

யுத்தத்துக்கு முன்னும் பின்னும் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கிளிநொச்சியில் மேசை போட்டு உட்கார்ந்தபோது இந்த முறைகள் எனக்குப் பெரிய பெயரைத் தந்தன. வவுனியாவிலிருந்து ஒரு வியாபாரி ஓர் அலுவலகத்துக்கு மிக்ஸர்கள் விற்க வந்தான். வாங்குகிற குழுவில் இருந்த ஐந்தாறு பெரிய மனிதர்களும் கூடையில் மாங்காய் பார்ப்பது போலக் குமிழ்களைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் எல்லா வாயிலிலும் தடைகளைப் பூட்டினேன். நாற்பத்தெட்டு முப்பத்தொன்றுக்கு இறங்கியது. வியாபாரி அன்றைக்கே வாகனத்தைத் திருப்பினான். அதன் பிறகு, ஐயா சொன்னால் சரி என்று வன்னியில் ஒரு பேச்சு உண்டாயிற்று. ஒரு மனிதனைக் கெடுக்க அவ்வளவு போதும்.

கடைக்கு வருகிறவர்கள் சொல்வதை நான் பாதியிலேயே நிறுத்தத் தொடங்கினேன். பெட்டியை வைத்துவிட்டுப் போங்கோ, பெட்டி எனக்குச் சொல்லும் என்பேன். வயர்களைக் கொண்டுவருவதையும் தடுத்துவிட்டேன். சாக்கில் சுருட்டி, உப்பும் மண்ணும் பிடித்து, எலிகடித்த வயர்களை என் மேசையில் கொட்டினால் எனக்கு உடம்பு கூசும். என்னிடம் சுத்தமான வயர்கள் இருந்தன, சோதனைக்கு அவைதான். நானே வைத்த இந்த ஒழுங்கை நல்லதம்பி ஐயாவிடம் படித்தது போல வருகிறவர்களுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

யசிந்தா வந்தது அந்தக் காலத்தில். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள்; கணவர் களப்பில் இறால் பிடிக்கிறவர். ஒரு தொண்டு நிறுவனம் அந்தக் கரையில் நான்கு பெண்களுக்கு ஒலியமைப்புப் பயிற்சியும் ஒரு மிக்ஸரும் ஆறு கொண்டென்சர் மைக்குகளும் கொடுத்திருந்தது. வயர்களைப் பங்குக் கோயில் தன் பழைய களஞ்சியத்திலிருந்து கொடுத்தது. கோயில் பாடகர் குழுவுக்கு அவர்கள்தான் ஒலி. பெண்கள் மிக்ஸருக்கு முன்னால் நிற்பதைப் பற்றி மற்ற ஒலியமைப்பாளர்கள் என் கடையில் பேசிய பேச்சுக்களை இங்கே எழுத மாட்டேன். நான் அவற்றுக்குச் சிரித்தேன் என்பதை எழுதுகிறேன்.

அவள் மிக்ஸரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள்.

"ஐயா, ஒராள் வாசகம் வாசிக்கேக்கை நல்லாத்தான் கிடக்கு. பாட்டுக்காரர் எல்லாரும் சேந்து ஏத்தேக்கைதான் கிழியுது."

"அப்ப கெயினைக் குறையும் பிள்ளை."

"குறைச்சனான். அடியிலை வைச்சும் பாத்தனான். சத்தம் குறையுது ஐயா, கிழிசல் குறையேல்லை."

இந்தத் தொழிலைத் தெரிந்தவர்கள் அந்தக் கடைசி வசனத்தை இன்னொருமுறை வாசியுங்கள். கெயினைக் குறைத்ததும் சத்தத்தோடு கிழிசலும் போயிருந்தால் பிரீஅம்பில் ஓவர்லோட். சத்தம் மட்டும் குறைந்து கிழிசல் அப்படியே இருந்தால், குரல் கெயினுக்கு வருமுன்பே கிழிந்துவிட்டது. மைக்கிலோ, மைக்குக்குப் போகிற மின்சாரத்திலோ, வயரிலோ பார்க்க வேண்டும். முதலாம் வருடப் பயிலுநனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். அவள் தான் கேட்டதை அப்படியே சொன்னாள். நல்லதம்பி ஐயா இருந்திருந்தால் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருப்பார். நான் கேட்ட கேள்வி இதுதான்:

"எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் எண்டு முதல் தெரியுமோ?"

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, இடப்பக்கம் என்று பதில் சொன்னாள்.

மிக்ஸரை முறைப்படி சோதித்தேன். எல்லா வாயிலிலும் தடை பூட்டியும் நாற்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை. ஓவர்லோட் எல்லையும் நல்ல உயரத்தில் இருந்தது. ஒரு பிழையும் இல்லையென்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்த முறை ஒரு மைக்கையும் கொண்டுவந்தாள். என் சுத்தமான வயரில் பூட்டினேன். மணி போலப் பேசியது. மூன்றாம் முறை பெட்டி இல்லாமல் வந்து, பெரிய வெள்ளிக்கு முன் ஒருமுறை கோயிலுக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டாள். வாகனம் தாங்களே பிடித்துத் தருவதாகவும் சொன்னாள்.

"வருத்தக்காரன்தான் டொக்டரிட்டை வாறது பிள்ளை. டொக்டர் வீடுவீடாப் போறேல்லை" என்றேன். இதற்கும் கடையில் சிரித்தார்கள். என் கடையில் சிரிப்பதற்கு எப்போதும் யாராவது நின்றார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை, கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால், பாடகர் குழு புலம்பலை உச்சிக்கு ஏற்றிய இடத்தில் ஒலி கிழிந்து நாசமாயிற்று. பங்கு மக்களுக்குத் தலைவராக இருக்கிற மூப்பர் எழுந்துபோய் யசிந்தாவை எழுப்பிவிட்டு மிக்ஸரை அணைத்தாராம். அடுத்த கிழமை பங்குத் தந்தை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கோயில் குழுவும் கேட்கும்படி சத்தமாகப் போட்டிருப்பதாகச் சொல்லித்தான் கேட்டார்: மிக்ஸரில் பழுது உண்டா, வைத்திருக்கிறவர்களில் பழுதா.

"மெஷினிலை பிழையில்லை ஃபாதர். கையிலைதான் பிழை" என்றேன்.

மறுபக்கத்தில் பலர் சிரித்தது எனக்குக் கேட்டது. நல்ல வசனம் சொன்ன திருப்தி எனக்கு. அந்தப் பெண்களிடமிருந்து பெட்டிகள் எடுக்கப்பட்டு, முல்லைத்தீவு நகரத்திலிருந்து வந்த ஓர் ஆணிடம் போயின. அவன் கொண்டென்சர் மைக்குகளைக் கட்டி மூலையில் வைத்து, ஃபாண்டம் பவரையும் அணைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கை மைக்கையே பாவித்தான். பாடகர் குழு கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டிருக்கும். ஆனால் கிழியவில்லை. ஆகவே என் தீர்ப்பு சரியென்று எல்லோருக்கும் நிரூபணமாயிற்று. எனக்கும்.

போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஒரு காலையில் நான் சுதனின் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, கோயில் ஒலியைப் பொறுப்பெடுத்திருந்த அந்த முல்லைத்தீவுக்காரன் முழுச் செற்றையும் கொண்டுவந்து இறக்கினான். கோயிலில் எல்லோரும் குறை சொல்கிறார்கள், கொண்டென்சர் மைக்குகளை மறுபடி பாவிக்க வேண்டும், எல்லாவற்றையும் பார்த்துத் தரவேண்டும் என்றான். சாக்கு நிறைய வயர். சுதனுக்கு என்னைப் போல மேசை ஆசாரம் கிடையாது. சாக்கை நிலத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக மீற்றரைப் பிடித்தான். முதல் வயரிலேயே மீற்றர் கீச்சிட்டது. பிளக்கிலிருக்கிற மூன்று ஊசிக்கால்களில் பூமிக்காலான ஒன்றாம் காலும் மூன்றாம் காலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மைக் பூட்டுகிற பக்கத்துப் பிளக்கைக் கழற்றினான். உள்ளே, வயரைச் சுற்றி சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு துண்டு. அதற்கு மேல் மீன்வலை நூலால் இறுக்கிய கட்டு. மூன்றாம் காலிலிருந்து ஒன்றாம் காலுக்குச் சின்னக் கம்பியொன்று அழகாக வளைத்து சோல்டர் செய்யப்பட்டிருந்தது.

"ஆரோ பழைய ஆக்கள் செய்த விசர் வேலை ஐயா" என்றான் சுதன்.

"நான்தான்" என்றேன்.

யுத்த காலத்தில், பொருட்கள் ஒன்றும் வராத நாட்களில், கார் பற்றரியில் ஓடுகிற பழைய அம்பிளிபயர்கள்தான் எங்களிடம் இருந்தன. அவற்றுக்கு மைக்கிலிருந்து இரண்டு கம்பிகள் போதும். மூன்றாம் காலைப் பூமிக்காலோடு சேர்த்துவிட வேண்டும், சேர்க்காவிட்டால் இரையும். அதை நான்தான் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தேன். கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நானே செய்து கொடுத்தேன். அன்றைக்கு அது சரியான வேலை. பிறகு புது மிக்ஸர்கள் வந்தபோது மற்ற முனையில் பிளக்கை மட்டும் மாற்றினார்கள். மைக் பக்கத்தில் என் கட்டு அப்படியே உள்ளே இருந்தது. பழைய வயர்களைத் திறந்து பாருங்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அந்த வயரில் ஃபாண்டம் பவரைப் போட்டால், மைக்குக்குப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு வீணாகப் பூமிக்காலில் ஓடும். ஒரு மைக் என்றால் ஒருவாறு சமாளிக்கும். ஆறையும் பூட்டினால் எல்லாம் பட்டினி. பட்டினி கிடக்கிற மைக் மெதுவான வாசகத்தைத் தாங்கும். குழு முழுவதும் உச்சிக்கு ஏறும்போது, குரலைத் தனக்குள்ளேயே கிழித்துத்தான் அனுப்பும். மிக்ஸரில் கெயினை எவ்வளவு குறைத்தாலும் சத்தம் குறையும், கிழிசல் குறையாது. அந்த வயரில் பூட்டினால் கை மைக்கைக்கூட அந்த மின்சாரம் சும்மா விடாது, எரித்துவிடலாம். கனகராயன்குளத்துக்காரர் பிளாஸ்ரர் ஒட்டியதற்கும் என் கைவேலை காரணமாக இருக்கலாம். எல்லா வயரையும் பூட்டி, மைக்கின் முனையில் அளந்தோம். முப்பதுக்கும் கீழே. சுதன் அந்த எண்ணை இரண்டுமுறை சத்தமாகச் சொன்னான். எனக்கு முதல்முறையே கேட்டிருந்தது.

அடுத்த நாள் ஒரு பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன். இறங்கி, கரைக்குப் போகிற சந்தியில் ஒரு பெட்டிக்கடைக்காரரிடம், முன்பு சவுண்ட் செற் வைத்திருந்த யசிந்தா என்கிற பிள்ளையின் வீடு எது என்று விசாரித்தேன். அவர் யோசித்தார்.

"ஆர், கைப்பிழையோ? ஐஸ் கொம்பனிக்குப் பின்னாலை போய்க் கேளுங்கோ."

அங்கேயும் நான் யசிந்தா என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. ஐஸ் கொம்பனியடியில் நின்ற ஒருவர், நான் வாயைத் திறக்குமுன்பே, கைப்பிழை வீட்டுக்கோ என்றார். கடைக்காரர் அதற்குள் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் இப்போது நண்டுச் சதை உடைக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அன்று லீவு. முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். தேத்தண்ணி தரவில்லை. நான் பிளக்கைக் காட்டி, இங்கே எழுதியதைவிட மோசமாக, முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்றேன். வயரிலும், அதைவிட அவள் சொன்னதைக் கேளாமல் விட்டதிலும். அவள் இறால் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் குமிழைக் குறைச்சது சரி."

"சரி பிள்ளை."

"எனக்கு அது அப்பவே தெரியும். ஏன் எனக்கு வந்து சொல்லுறியள்?"

அவள் அடுத்த இறாலை எடுத்தாள்.

"நீங்கள் எனக்கோ சொன்னனீங்கள், கையிலை பிழையெண்டு? ஃபாதருக்குச் சொன்னனீங்கள். கொமிற்றி முழுக்கக் கேட்டது. என்ரை மகளைப் பள்ளிக்கூடத்திலை கைப்பிழையின்ரை மகள் எண்டுதான் கூப்பிடுகினம். அவளுக்கு மிக்ஸர் எண்டால் என்னெண்டே தெரியாது. போய் அங்கை சொல்லுங்கோ ஐயா. எனக்கு வேண்டாம்."

மன்னிப்பு என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்திருந்தேன். அதை விழுங்கிவிட்டு எழுந்தேன்.

அந்தப் பங்குத் தந்தை மாற்றலாகிப் போயிருந்தார். மூப்பர் அதே மூப்பர். கோயில் வளவில் திருநாளுக்குக் கொடிக்கயிறு திரிக்கிறவர்களை மேற்பார்வை செய்துகொண்டு நின்றார். அதாவது, நிழலில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதில் அவருக்குச் சந்தோஷம். அன்றைக்கு நான் சொன்ன வசனத்தை இன்னமும் கூட்டங்களில் எடுத்துச் சொல்வாராம். பிளக்கை அவருடைய உள்ளங்கையில் வைத்து, மெதுவாக, ஒவ்வொரு காலாகக் காட்டி விளங்கப்படுத்தினேன். முட்டாள் இல்லை அந்த மனிதர். விளங்கிக்கொண்டார்.

"அப்ப அந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை."

"இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நீங்கள் அதைச் சனத்துக்கு முன்னாலை சொல்லவேணும். இல்லாட்டி என்னைச் சொல்ல விடுங்கோ."

இவ்வளவு காலத்துக்குப் பிறகு கோயிலில் அறிவிக்கிற விடயமா என்று முதலில் இழுத்தார். நான் விடவில்லை. கடைசியில், நியாயம்தான், தானே அறிவிப்பதாகச் சொன்னார். உண்மையாகவே மனம் வருந்தியது போலத்தான் இருந்தது. படலை வரைக்கும் என்னோடு வந்து, பஸ் வருகிற பக்கத்தைக் காட்டினார்.

"நீங்கள் இந்த வெயிலுக்கை திருப்பி அங்கை போகாதேங்கோ ஐயா. நான் பின்னேரம் அந்தப் பக்கம் போவன். கைப்பிழையிட்டை நானே சொல்லிவிடுறன், அவவிலை பிழையில்லையெண்டு."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அவளுடைய பெயர் யசிந்தா என்றேன்.

"ஓமோம், அவதான்" என்றார்.